ஆறு இஞ்சு ஆணி

அந்த வாட்ச்மேன் என் கழுத்தை முறிக்கத்தான் கை பழகுகிறார் என்று இரண்டு மாதம் நம்பியிருந்தேன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். அவர் பகல் டியூட்டியில் தூங்குகிறார் என்று முதலாளியிடம் போட்டுக்கொடுத்தவன் நான்தான். மறுவாரமே, நான் கையெழுத்துப் போடும் கேட் நோட்டின் மேல் வளைந்த இரண்டு இஞ்சு ஆணி ஒன்று கிடந்தது.

உள்ளே தீப்பெட்டி, செல்போன், இரும்பு எதுவும் போகக்கூடாது. லோடில் வரும் மரப்பெட்டிகளைக் கேட்டிலேயே பிரித்து ஆணிகளைப் பிடுங்கிவிடுவோம். அவருக்கு அதுவே சரக்கு. ஒல்லியான ஆள். ஆணியின் இரு முனையிலும் துணி சுற்றி, நெஞ்சோடு வைத்து, மூச்சடக்கி, வளையும்வரை வெறுங்கையால் அழுத்துவார். நோட்டின் மேல் இரண்டு இஞ்சு மூன்றானது, மூன்று நாலானது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். காலர் காப்பாற்றும் என்று ஒரு நினைப்பு!

ஐந்து இஞ்சு வந்த அன்று, அதுவரை ‘யோவ்’ என்று கூப்பிட்டவரிடம் கெஞ்சினேன்: “அண்ணாச்சி, எம்புட்டுக் கோவம் இருந்தாலும் பேசித் தீத்துக்கிடுவோமே!”

“கோவமா? நீங்க சொன்னது நெசந்தான சார், சும்மா உக்காந்தா தூக்கம் வருது. அதான் இதப் புடிச்சேன். எல்லாரும் சிரிக்காக. நீங்க ஒருத்தர்தான் ஒவ்வொரு ஆணிக்கும் அசந்துபோயி, வேர்த்து நிக்கீக. அதான் உங்களுக்குன்னு எடுத்து வைக்கேன். இன்னும் ஆறு இஞ்சு இருக்கு, நின்னு பாருங்க.”

அன்று அது வளையவில்லை. துணி கிழிந்து உள்ளங்கை கன்றிப்போனது. “நாளைக்கு வாங்க” என்றார். பதினோரு நாள் போய் நின்றேன். பன்னிரண்டாம் நாள் வளைந்தது.