சத்திரத்துக் காகிதங்களை எங்கே வைப்பது

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அம்மையார்குப்பத்தில் தறிக்கு நூல் தார் சுற்றிய கை இது. பதினாறு விசைத்தறிக்கு முதலாளியாகி, திருத்தணி மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் சத்திரத்துக்குத் தலைவராகவும் ஆனேன். கமிட்டியில் மற்ற ஆறு பேரும் பட்டதாரிகள். கூட்டத்தில் வடை தீர்ந்ததும் எழுந்து போவதில் கெட்டிக்காரர்கள்.

சத்திரத்தில் மூன்று இரும்புப் பெட்டி நிறையப் பழைய காகிதங்கள் இருந்தன. பத்திரங்கள், காவடிக் கூட்டத்தார் எழுதிய கடிதங்கள், இன்னும் என்னென்னவோ. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, சம்பளமே கேட்காமல் அவற்றுக்குப் பட்டியல் போட வந்தார். ஒவ்வொரு காகிதமும் யார் எழுதியது, என்ன விஷயம், எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதற்கென்றே ஒரு சாப்ட்வேர், இலவசமாம்.

அதை எங்கே போடுவது என்பதற்குத்தான் கமிட்டி கூடியது. சத்திரத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போடலாம். அல்லது சென்னைக் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டரில் வாடகைக்கு இடம் பிடிக்கலாம், எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம். அந்த அம்மாவுக்கு இரண்டாவதில்தான் ஆசை. கம்பெனிக்காரர் டை கட்டிக்கொண்டு வந்து அரை மணி நேரம் பேசினார். பட்டதாரிகள் ஆறு பேரும் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டினார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: உங்கள் கம்ப்யூட்டர் எந்தத் தெருவில் இருக்கிறது? அவருக்கே தெரியவில்லை. விலாசம் இல்லாத வீட்டுக்கு வாடகையா?

“நம்ம பொட்டி, நம்ம ரூம், நம்ம பூட்டு” என்று தீர்ப்புச் சொன்னேன். ஆறு தலைகள் அதற்கும் ஆடின.

“அப்பன்னா வாராவாரம் காப்பி எடுத்து வேற எடத்துல வைக்கணுங்க, தலைவரே” என்றார் அந்த அம்மா. தாராளமாக என்றேன். அவர் தந்த சிடிகளை அதே அறையில் வேறு அலமாரியில் வைத்தேன். அலமாரி வேறுதானே.

பத்து மாதம் அவர் தினமும் வந்து கம்ப்யூட்டரில் தட்டினார். பிறகு ஆடிக் கிருத்திகை வந்தது. அந்த மூன்று நாளும் எங்கள் சத்திரத்தில் எந்த அறையையும் பூட்டக்கூடாது, அத்தனையும் காவடிக்காரர்களுக்கு. கூட்டத்துக்குப் பயந்து அந்த அம்மா வீட்டோடு இருந்துவிட்டார். கம்ப்யூட்டரையும் சிடிகளையும் யார் கையிலும் படாத இடமாகப் பார்த்து நானே தூக்கிவைத்தேன். சமையற்கட்டுப் பரண். கீழே மூன்று நாளும் அன்னதானத்துக்கு அடுப்பு அணையவில்லை. இரும்புப் பெட்டிகள்மேல் காவடிக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்; அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாலாம் நாள் கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லை. சிடிகள் அப்பளமாக வளைந்திருந்தன. அந்த அம்மா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“சாம்பாராச்சும் நல்லா இருந்துச்சுங்களா, தலைவரே?”

வளைந்த சிடிகளைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினேன்.

மறுபடி செய்ய ஒப்புக்கொண்டார், இரண்டு நிபந்தனையோடு. சென்னைக் கம்பெனியில்தான் போட வேண்டும். முதல் தடவை தெலுங்குக் காகிதங்களுக்கு ‘தெலுங்கு, ஒரு பக்கம்’ என்று மட்டும்தான் போட முடிந்ததாம். இந்த முறை நான் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும். நூல் வாங்க ஆந்திராப் பக்கம் நகரிக்கும் புத்தூருக்கும் அலைந்ததில் தெலுங்கு படிக்கக் கற்றவன் நான். பட்டதாரிகளில் ஒருவருக்கும் வராது.

முதல் பெட்டியில் மேலாக இருந்ததைப் படித்தேன். சத்திரம் கட்டியவர் யாரிடமோ சொல்லி எழுதவைத்து, கீழே கைநாட்டு வைத்த காகிதம். கிருத்திகைக்கு எந்த அறைக்கும் பூட்டு கூடாது என்று இருந்தது. அடுத்த வரியில் என் குரல் இறங்கியது. ஆகையால் சத்திரத்துக் காகிதங்களை முன்கூட்டியே கனகம்மாசத்திரம் என்ற ஊரில் நம்பிக்கையான ஒரு வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

“இன்னொரு வாட்டி படிங்க” என்றார் அந்த அம்மா, தட்டிக்கொண்டே.

படித்தேன். அந்த மனிதர் ஐந்தாம் வகுப்புகூடப் படிக்காதவர்.