அப்பா பார்க்க ஒரு ஜிம்லெட்

பெங்களூரில் நான் பார்ப்பது, பாரில் காக்டெயில் கலக்கும் வேலை. சாத்தூரில் அப்பா சொல்லி வைத்திருப்பது ‘ஓட்டல் ரிசப்ஷன்’. ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தப் பொய்க்கு நானும் தலையாட்டி வைப்பேன். உள்ளுக்குள் எரியும். வெட்கப்படுகிறாரா, பயப்படுகிறாரா? இந்தத் தடவை தெரிந்துகொள்ளாமல் பஸ் ஏறுவதில்லை என்று இருந்தேன்.

அப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்தபோது ஜின் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தேன். திட்டுவார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறார்.

“என்னத்தா, சாம்பிராணி மாதிரி வாடை வருது?”

“ஜூனிப்பர்னு ஒரு காய் போடுவாங்கப்பா. இப்ப இதுல ஜிம்லெட்னு ஒரு காக்டெயில் பண்ணப் போறேன்.”

எலுமிச்சம்பழத்தை அமுக்கி உருட்டி, அறுத்துப் பிழிந்தேன். பாட்டிலில் அடைத்து விற்கிற சாறு இதற்கு ஆகாது. ஜின், சாறு, சீனிப்பாகு என்று ஒவ்வொன்றாக அளந்து ஊற்ற ஊற்ற அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். பாகு எதுக்கு, சீனியையே போட்டா என்ன? சீனி குளிரில் கரையாதுப்பா. கண்ணளவு போதாதா? போதாது. ஐஸ் போட்டு மூடிக் குலுக்கத் தொடங்கியதுதான் தாமதம், “ஏத்தா, குலுக்காத!” என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டார். மருந்து அதிரக் கூடாது, அதிர்ந்தால் வெளியே பாய வேண்டும் என்று பழகிய கால். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார்.

வடிகட்டி கிளாஸை நீட்டினேன்.

“எனக்கு வேண்டாம்த்தா. மருந்துல கை வைக்கிறவன் இதத் தொடக் கூடாது.” கிளாஸையே பார்த்தபடி கேட்டார்: “நீ?”

இதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்ட்ராவை முக்கி ஒரு சொட்டை நாக்கில் விட்டுக் காட்டினேன். “ருசி பாக்க இம்புட்டுதேன்ப்பா. வேலையில இதுக்கு மேல தொட மாட்டேன்.”

அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தாள்.

“என்னண்ணே, எலுமிச்சை இம்புட்டு மணக்கு? மக ஜூஸ் போடுதாளோ?”

ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று அப்பாவையே பார்த்தேன்.

“ஜூஸ் இல்ல தாயி, சரக்கு. பெங்களூர்ல இதக் கலக்குறதுதேன் எம் மக வேலை. நானும் கலக்குறவன்தேன. அவ கலந்தா வெடிக்காது, அம்புட்டுதேன்.”