அழிரப்பரின் வீட்டு முகவரி

அந்தச் சங்கத்துக்கு ஒரு தடவை நன்கொடை கொடுத்துவிட்டால், அதன் பிறகு அவருக்குச் சாவே கிடையாது. பெயர் பட்டியலில் ஏறியது ஏறியதுதான். ஊரை விட்டுப் போனாலும், உலகத்தை விட்டே போனாலும், வருடம் தவறாமல் நன்றிக் கடிதம் போய்க்கொண்டிருக்கும். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் காலமாகி ஒன்பது வருடங்கள் வரை, அவர் நல்ல உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்று சங்கம் வாழ்த்திக்கொண்டே இருந்தது. அவர் மனைவி மரியாதை தெரிந்தவர். ஒவ்வொரு முறையும் கணவர் சார்பில் நன்றி சொல்லிப் பதில் எழுதிவிடுவார்.

இந்த அமர வாழ்வுக்கு முற்றுப்புள்ளி வைத்தவள், ஜன்னலோர இரண்டாவது மேசையில் உட்கார்ந்திருந்த ஐம்பத்திரண்டு வயதுப் பெண். சங்கத்தின் வேலை, நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், தலைமாட்டைத் தூக்கி இறக்கும் கட்டில் இவற்றை இரவல் கொடுப்பது. அவளுடைய வேலை, இதற்கெல்லாம் கைகொடுத்தவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், இன்னும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது. டைப் அடிக்கத்தான் வந்தாள். பெயர் நோட்டுப் புத்தகம் அட்டைகள் அடுக்கிய பெட்டியாகி, அந்தப் பெட்டி கம்ப்யூட்டரானபோது, அதைத் தொடத் துணிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் பட்டியல் அவள் தலையில் விழுந்தது.

அவள் கைக்கு வந்தபோது பட்டியலில் பதினோராயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். செயலாளர் எந்த மேடை ஏறினாலும், "பதினோராயிரம் நல்ல உள்ளங்கள்" என்றுதான் தொடங்குவார். அந்த உள்ளங்களை அவள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஒரே பல் டாக்டர் நாலு இடத்தில் இருந்தார்: டாக்டராக, அவருடைய மருத்துவமனையாக, அவர் மனைவியின் கணவராக, கடைசியில் வெறும் 'மாடி வீட்டுக்காரர்' ஆக. ஒரு நாய் இருந்தது. யாரோ ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுமி தன் செல்லத்தின் பெயரில் உண்டியல் உடைத்துக் கொடுத்திருந்தாள். ஐந்து வருடங்களாக அந்த நாய்க்கு 'மதிப்பிற்குரிய ஐயா' என்று கடிதம் போயிருந்தது.

நாலு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து முடித்தபோது, பட்டியலில் எஞ்சியவர்கள் நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். செயலாளருக்கு, வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

"ஏழாயிரம் பேரக் கொன்னுட்டியேம்மா!"

"நான் கொல்லல சார். அவங்க முன்னாடியே போயிட்டாங்க. நான் எழுதி மட்டும் வெச்சேன்."

அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'அழிரப்பர்' என்று பெயர். கொஞ்ச நாளில் அது முதுகைச் சுற்றிக்கொண்டு முகத்துக்கு நேரேயும் வந்துவிட்டது.

பெயர் வைத்தவர்களுக்குத் தெரியாது, அவள் யாரையும் அவசரப்பட்டு அழிப்பதில்லை. அதற்கென்று தானே ஒரு விதி வகுத்திருந்தாள். ஒருவருக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்தால், மறுபடி போடுவாள். அதுவும் வந்தால் மூன்றாவது. மூன்று உறையும் திரும்பிய பிறகுதான் அந்த வரிக்குப் பக்கத்தில் 'தொடர்பில்லை' என்று குறிப்பாள். திரும்பி வந்த உறைகளை ரப்பர் பேண்ட் போட்டு, பழைய செருப்பு டப்பா ஒன்றில் அடுக்கி வைப்பாள். நாளைக்கே யாராவது வந்து, "என்னை எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டால், டப்பாவைத் திறந்து காட்டலாம் அல்லவா?

இவ்வளவு கறாரான பட்டியலில் ஒரே ஒரு வரி மட்டும் ஆறு வருடமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அது அவளுடைய வரி.

மாதாமாதம் அவள் சம்பளத்திலிருந்து ஒரு சின்னத் தொகை சங்கத்துக்கே போகும். ஆரம்பித்து வைத்தது அவள்தான். ஆனால் ஆண்டு மலரில் பெயர் வரும் என்று கேள்விப்பட்டதும், கணவர் தன் பெயரைப் போடச் சொன்னார். ஆகவே வரியில் அவர் பெயரும், பின்னால் 'மற்றும் திருமதி' என்பதும் இருந்தன. ஆறு வருடங்களுக்கு முன் அவர் வெளியூரில் வேலை என்று ஒரு பெட்டியோடு போனார். முதல் வருடம் போன் வந்தது. பிறகு அதுவும் நின்றது. தெருவில் யார் கேட்டாலும் "வெளியூர்ல இருக்கார்" என்பதுதான் பதில். பொய்யும் இல்லை. ஏதோ ஒரு வெளியூரில் இருக்கத்தானே வேண்டும்.

அவர் போனாரே தவிர, அவருடைய தங்கை போகவில்லை. நாத்தனார் காலையில் சலவைக்கடையில் இஸ்திரி மேசையில் நிற்பாள்; மத்தியானம் வீட்டுக்கு வந்து டிவி முன் கால் நீட்டுவாள். "அண்ணன் போனா போறான், அண்ணிய விட்டுட்டு நான் எங்க போக" என்று அவள் சொன்னதில் பாசம் பாதி, வாடகை மிச்சம் பாதி. ஆண்டுதோறும் அழிரப்பர் தன் வரிக்கும் நன்றிக் கடிதம் அச்சடித்து, தபால்தலை எதற்கு வீணாக என்று கைப்பையிலேயே வீட்டுக்குக் கொண்டு வருவாள். நாத்தனார் அதைப் பிரித்து உரக்க வாசிப்பாள்.

"'தம்பதியராய்த் தாங்கள் காட்டும் பேரன்புக்கு நன்றி'. யாரு அண்ணி இத எழுதுனது?"

"நான்தான்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"நல்லா இருக்கு குடும்பம்!"

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் ஒரு பெரிய அறக்கட்டளை, கட்டிலும் நாற்காலியும் ஏற்றிச் செல்ல ஒரு வண்டி வாங்கித் தருவதாகச் சொன்னது. அதற்கு ஒரு நிபந்தனை. அவர்களுடைய ஆள் ஒருவர் வந்து, பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் ஐம்பது பேரை எடுத்து, நேரே போன் செய்து பார்ப்பார். இரண்டு பிழை வரை மன்னிப்பு உண்டு. மூன்றாவது விழுந்தால் வண்டி இல்லை.

"வண்டி போனா போகுது," என்றார் செயலாளர், போனால் போகட்டும் என்கிற முகமே இல்லாமல். "மூணு தப்பு வந்துச்சுன்னா, லிஸ்ட்ட வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடலாம்னு கமிட்டியில சொல்றாங்கம்மா. அப்புறம் அந்த மேசையில உக்கார ஆள் எதுக்கு?"

அந்த வயதில் இன்னொரு மேசை அவளுக்கு எங்கே கிடைக்கும்? சோதனை நாள் காலையில் அவள் கைப்பையை மூன்று தடவை திறந்து மூடினாள்.

"எதுக்கு அண்ணி இந்தப் பதற்றம்?"

"யாருக்குப் போன் போகும்னே தெரியாது. எடுக்கிறவங்க வாய்க்கு வந்தத சொன்னா என் வேலை போச்சு. உண்மையச் சொன்னா தப்பிச்சேன்."

"உண்மையத்தானே? சொல்லுவாங்க, சொல்லுவாங்க," என்று நாத்தனார் சலவைக்கடைக்குக் கிளம்பினாள். அண்ணி சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் இவ்வளவு பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வாள் என்று யார் கண்டது?

சரிபார்க்க வந்தவள் ஒல்லியான பெண். கையில் ஒரு மரஸ்கேல் வைத்திருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் கீழே அதை வைத்து, எண்ணைச் சுழற்றி, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். எதிரே அழிரப்பர் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் செயலாளர், விருந்தாளிக்கென்று வாங்கி வைத்த பிஸ்கட்டைத் தானே காலி செய்துகொண்டிருந்தார்.

முதல் பத்தொன்பதும் சுத்தம். இருபதாவதை ஒரு பெரியவரின் மகன் எடுத்தான். "அப்பா போன செவ்வாய்க்கிழமை தவறிட்டாருங்க."

"ஆறு நாள்தான் ஆகுது. இதெல்லாம் பிழையாங்க?" என்றார் செயலாளர்.

"பட்டியல்ல உயிரோட இருக்காரே," என்று ஸ்கேல்காரி பென்சிலால் ஒரு சுழி போட்டாள்.

இருபத்தேழாவது, அழகு நிலையம் நடத்தும் பெண். "நானா? நான் எதுவும் குடுத்ததே இல்லையே!" என்று சொல்லி டக்கென்று வைத்துவிட்டாள். அவள் கொடுப்பது வீட்டுக்குத் தெரியாது. 'வீட்டு எண்ணுக்குப் பேச வேண்டாம், கடைக்கு மட்டும்' என்று வரியின் கடைசியில் குறிப்பே இருந்தது. அழிரப்பர் அதைச் சுட்டிக்காட்டினாள். சுழி போட்டது போட்டதுதான். இரண்டு.

பிறகு வந்தவர்கள் எல்லாம் தங்கம். ஒருவர் தன் முகவரியைப் பின்கோடு முதற்கொண்டு ஒப்பித்தார். செயலாளர் இரண்டாவது பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். நாற்பத்தொன்றாவது வரிக்குக் கீழே ஸ்கேல் இறங்கியது. ஸ்கேல்காரி எண்ணைச் சுழற்றத் தொடங்கினாள். நாலாவது இலக்கத்திலேயே அழிரப்பருக்குப் புரிந்துவிட்டது. அந்த எண்ணை அவள் எந்தப் பட்டியலிலும் தேட வேண்டியதில்லை.

இருந்தாலும் ஒரு நம்பிக்கை. மத்தியானம் ஆகிவிட்டது, நாத்தனார்தான் எடுப்பாள். ஆறு வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் அவள் நாக்கின் நுனியிலேயே இருக்கும். 'வெளியூர்ல இருக்கான்' என்று சொன்னால் போதும். முகவரி சரி, ஆள் சரி.

"ஹலோ, சார் இருக்காருங்களா?" என்று ஸ்கேல்காரி அவர் பெயரைச் சொல்லிக் கேட்டாள். அது யார் பெயர் என்று செயலாளருக்குத் தெரியாது; அவருக்கு அழிரப்பரின் கணவர் எப்போதும் வெறும் 'சார்'தான்.

"யாரு பேசுறது?" பின்னால் டிவி அலறியது.

"நன்கொடை குடுத்தவங்க விவரம் சரியா இருக்கான்னு பாக்கிறோம்மா. சாரும் அவர் மனைவியும் அந்த வீட்லதான் இருக்காங்களா?"

டிவி சட்டென்று அடங்கியது. நாத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஓ, அந்தப் போனா! இருங்க, உண்மையவே சொல்லிடுறேன். எங்கண்ணன் இங்க இல்லீங்க. போய் ஆறு வருஷம் ஆச்சு. எங்க இருக்கான்னு எங்களுக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஆனா பட்டியல்ல அவர் பேரு இருக்கே..."

"இருந்தா தப்பு. அடிச்சு விடுங்க. தெருவுல கேட்டா வெளியூர்ல இருக்கான்னு சொல்லுவேன். உங்ககிட்ட சொல்ல மாட்டேன். ஒருத்தரோட வேலை இதுல இருக்குது பாருங்க. நான் சொன்னது சுத்தமான உண்மைன்னு எழுதிக்கோங்க. சரிதானே? இனி பயமில்லையே?"

"ம்... நன்றிம்மா," என்று குழப்பத்தோடு வைத்தாள் ஸ்கேல்காரி. பென்சில் தாளில் பட்டது. "மூணு."

செயலாளர் வாயிலிருந்த பிஸ்கட் அங்கேயே நின்றது. "ஆறு வருஷமா காணாமப்போன ஆள லிஸ்ட்ல வெச்சிருக்கியேம்மா! உன்னைப் போய் அழிரப்பர்னாங்களே!"

அவள் தாளையே பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் மேசை போகும், மானம் மிஞ்சும். மானத்தை ஆறு வருடமாகக் காப்பாற்றியாகிவிட்டது. மேசை அவளைப் பத்தொன்பது வருடமாகக் காப்பாற்றியிருந்தது.

"மனைவி இருக்காங்களான்னு நீங்க கேட்டீங்க. அதுக்குப் பதில் வரலியே," என்றாள்.

"அதான் வீட்ல..."

"இருக்காங்க. அதே வீட்லதான் இருக்காங்க. நன்கொடையும் மாசம் தவறாம வருது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தத் திருமதி நான்தான்."

செயலாளர் அவளை, பிறகு போனை, பிறகு மறுபடி அவளைப் பார்த்தார். "அப்ப சார் வெளியூர்ல இருக்கார்னியே? போன வருஷம் கூட அவரக் கேட்டதாச் சொல்லச் சொன்னேனே?"

"நீங்க சொன்னத சொல்ல முடியல சார்."

மேடைப் பேச்சைத் தவிர வேறு திறமை இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்த செயலாளருக்கு, அந்த நேரத்தில் வக்கீல் மூளை முளைத்தது. "அம்மா, இங்க பாருங்க. வரியில ரெண்டு பேரு. ஒருத்தர் இல்ல, ஒருத்தர் இருக்காங்க. முகவரி சரி, போன் சரி. இத எப்படி முழுத் தப்புன்னு சொல்லுவீங்க? அரைத் தப்பு!"

"அரைன்னு எங்க படிவத்துல கட்டமே இல்லீங்க."

"கட்டம் இல்லாட்டி என்ன? மூணு வந்தாத்தானே வண்டி இல்ல? ரெண்டரை, மூணு ஆகுமா?"

ஸ்கேல்காரி தன் மேலதிகாரிக்குப் போன் செய்தாள். மேலதிகாரி அவருக்கும் மேலே உள்ளவரிடம் கேட்டார். இருபது நிமிடம் கழித்துப் பதில் வந்தது: இரண்டரை, மூன்று அல்ல. மிச்சமிருந்த ஒன்பது பேரும் சுத்தமாக இருந்தார்கள். இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் கணவரால் அவளுக்குக் கிடைத்த லாபம் என்று ஒன்று உண்டென்றால், அந்த அரைதான்.

சாயங்காலம் நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தாள். "அண்ணி, உங்க ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. மறைக்காம அப்படியே சொன்னேன். வேலை தப்பிச்சுதா?"

"தப்பிச்சுது. மயிரிழையில."

"நான் மட்டும் வழக்கம்போல உளறியிருந்தா என்ன ஆயிருக்கும்!"

"ஒண்ணும் ஆயிருக்காது," என்று சொல்ல வாயெடுத்தவள், அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு, "ஆமா, என்ன ஆயிருக்கும்" என்று முடித்தாள்.

பிறகு அலமாரியில் புடவைகளுக்கு அடியிலிருந்து மூன்று உறைகளை எடுத்தாள். அவர் போன முதல் இரண்டு வருடத்தில், அவர் கொடுத்துவிட்டுப் போன முகவரிக்கு எழுதியவை. மூன்றும் திரும்பி வந்தவை. நாத்தனார் எட்டிப் பார்த்தாள். உள்ளே போய், இஸ்திரி போட்டதுபோல் மடிப்புக் குலையாத ஓர் உறையோடு வந்தாள்.

"இதையும் வெச்சுக்கோங்க. நானும் ஒண்ணு போட்டுப் பார்த்தேன்."

மறுநாள் காலை நாலு உறைகளுக்கும் ரப்பர் பேண்ட் போட்டு செருப்பு டப்பாவில் வைத்தாள். விதிப்படி மூன்றே போதும். நாலாவது கூடுதல் ஆதாரம். கம்ப்யூட்டரில் தன் வரியைத் திறந்து அவர் பெயரை எடுக்கப் போனால், காரணம் சொல் என்று அது கேட்டது: இறந்தார், இடம் மாறினார், வேண்டாம் என்றார், தொடர்பில்லை. முதலாவதின் மேல் கை ஒரு கணம் கூடுதலாகவே நின்றது. பிறகு கடைசியை அழுத்தினாள். 'திருமதி' இருந்த இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

பின்னால் யாரோ வந்து நின்றார்கள். செயலாளர். அவர் கண் திரையின் மூலையிலிருந்த மொத்த எண்ணிக்கையில் இருந்தது.

"பேர எடுத்துட்டியா? அப்ப லிஸ்ட்ல ஒண்ணு குறையுமேம்மா?"

"குறையாது சார்," என்றாள் அழிரப்பர். "முன்னாடியும் ஒருத்தர்தான் குடுத்துட்டு இருந்தாங்க."