சட்டைப்பையில் இருந்த தாலி

மாதேவியின் ஆட்டத்தை நிறுத்தியவன் நான். விசில் ஊதி நிறுத்தியிருந்தால் அது என் வேலை. நான் வாயால் நிறுத்தினேன். அவளை அறிந்த உங்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் கிழவன் அழுகிறான் என்று இரங்கிவிடுவீர்கள்.

சென்ற வாரம் காலையில் ஷாரதா தொலைபேசியில் அழைத்தாள். மாதேவி ஆடிய கல்லூரி அணிக்கு அப்போது அவள்தான் கேப்டன். கன்னடக்காரி. என்னோடு பேசும்போது மட்டும் தமிழைத் தேடிப் பிடித்துப் பேசுவாள். அன்று தேடவில்லை. "சார், நம்ம மாதேவி ஹோக்பிட்ளு" என்றாள். போய்விட்டாள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அவள் ஊர் மார்டள்ளியில் களத்தில் மஞ்சள் காயவைத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாளாம். எழுந்திருக்கவில்லை. ஐம்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஆகியிருக்கும். நான் எழுபத்தெட்டிலும் உட்கார்ந்திருக்கிறேன்.

என்னை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மைசூரில் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். கூடைப்பந்து ஆடியவன் அல்ல. வேலை முடிந்து மைதானத்து ஓரம் நின்று பார்த்தேன். ஆங்கில விதிப்புத்தகத்தை அகராதியோடு வரிவரியாகப் படித்தேன். நடுவர் தேர்வு எழுதினேன். மற்ற நடுவர்கள் கல்லூரி படித்தவர்கள். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, "பட்டறைக்காரர்" என்பார்கள். அவர்கள் விசிலில் தெரிந்தவர் வீட்டுப் பெண்ணின் ஃபவுல் காணாமல் போகும். என் விசிலுக்குத் தெரிந்தவர்கள் கிடையாது. அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. இன்றும் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாதேவி முதலாண்டு சேர்ந்தாள். ஊரில் பந்தையே பார்த்திராத விவசாயி மகள். உயரமாக இருந்ததால் உடற்பயிற்சி ஆசிரியை அவளைக் கொண்டுபோய் ரிங்குக்கு அடியில் நிறுத்திவிட்டார். ஆட்டத்துக்கு முன் எல்லோருடைய நகத்தையும் பார்ப்பது என் வழக்கம். அவளுக்கு நகம் வளர்ந்திருந்தது. வெளியே போகச் சொன்னேன். பிளேடுக்கு இப்போது எங்கே போவது என்று கேட்டாள். அது என் கவலை இல்லை என்றேன். நின்ற இடத்திலேயே, கண்ணை என்மேல் வைத்தபடி, ஒவ்வொரு நகமாகக் கடித்துத் துப்பிவிட்டுக் கையை நீட்டினாள்.

"இப்பப் பாருங் சார். பல்லுக்கு விதி ஒண்ணும் இல்லீங்களே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

அவள் ஆட்டம் இரண்டாம் ஆண்டில் மலர்ந்தது. தவறும் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை, அது போர்டில் படுவதற்கு முன்பே அறிந்து நகர்ந்துவிடுவாள். அது எப்படி என்று ஷாரதா கேட்டதற்கு, "தேங்கா பறிக்கறப்ப மரத்தடியில நின்னிருந்தா உனக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றாளாம். ஃபவுல் செய்தால் என் விசிலுக்குக் காத்திருக்க மாட்டாள். தானே கையைத் தூக்குவாள். அது எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "நீங்க ஊதறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியுமுங்களே சார்" என்றாள். எத்தனையோ வருடம் ஊதியிருக்கிறேன். அப்படிச் சொன்னவர் வேறு யாரும் இல்லை.

மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன், கோடை விடுமுறையில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை முருகேசன் அதே ஊர். மைசூர் மார்க்கெட்டுக்குக் காய் லோடு கொண்டுவருபவர். படிப்பு முடியும்வரை ஆடலாம் என்று மாமியார் ஒப்புக்கொண்டிருந்தார். அந்த ஆண்டின் கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டத்துக்குப் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வந்திருந்தார்கள். முருகேசனும் முதல்முறையாகப் பார்க்க வந்து படியில் உட்கார்ந்திருந்தார்.

மாதேவியின் கழுத்தில் புது மஞ்சள் கயிறு. கழற்றச் சொன்னேன். பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்கிறேன் என்றாள். மற்ற நடுவர்கள் அப்படி விடுவார்கள். நான் விடவில்லை. ஒட்டினாலும் கயிறு கயிறுதான், யார் விரலாவது மாட்டினால் கழுத்தை அறுக்கும். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவள் பெஞ்சைப் பார்த்து நடந்தாள். அப்போது முருகேசன் படியிலிருந்து இறங்கி வந்து உள்ளங்கையை நீட்டினார்.

"குடு. நான் வெச்சிருக்கறேன். நீ போயி ஆடு."

அவள் ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள். பிறகு தலைவழியாகக் கழற்றி அவர் கையில் வைத்தாள். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டு, பையின்மேல் கையை வைத்தபடியே ஆட்டம் முழுவதும் நின்றார். கை தட்ட முடியாமல் காலால் படியைத் தட்டினார். மாதேவி ஆடியதைப் போல அந்த மைதானத்தில் யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. ஜெயித்தார்கள். பல்கலைக்கழக அணிக்கு அவள் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் முருகேசனிடம் ஓடிப்போய்க் கழுத்தைத் தாழ்த்தி நின்றாள்.

மறுநாள் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள டீக்கடையில், நான் இதைச் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன். தாலியானாலும் கழற்றினால்தான் ஆட்டம் என்றேன், கழற்றி வைத்துவிட்டு ஆடினாள் என்றேன். "தாலிக்கே ஃபவுலாய்யா?" என்று சிரித்தார்கள். முருகேசனைக் கதையில் சேர்க்கவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. அவர் உள்ளே வந்தால் அவர்தான் பெரிய மனிதராக நிற்பார், என் கண்டிப்பு சிறுத்துப்போகும். அதனால் விட்டேன்.

அந்தக் கடையில் மார்டள்ளி லோடுக்காரர்களும் டீ குடிப்பார்கள். பாதிக் கதை காலி வண்டியில் ஏறி அன்றே ஊர் போய்ச் சேர்ந்தது. போகும்போதே வளர்ந்தது. பந்துக்காகத் தாலியைக் கழற்றி வீசினவள் என்று மாமியார் காதில் விழுந்தது. முருகேசன் தன் அம்மா முன்னால் வாய் திறக்கவில்லை. அவளைப் படிப்போடு நிறுத்தி ஊருக்கு அழைத்துப்போனார்கள். பல்கலைக்கழக அணி அவள் இல்லாமல் கிளம்பியது. "அந்தப் பக்கத்துப் பொண்ணுங்களை நம்பி டீம்ல போடக்கூடாது" என்று ஆசிரியை எல்லோரிடமும் சொன்னார், பிறகு போடவும் இல்லை. எல்லாம் என் காதுக்கு வந்தது. விதி சரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து நஞ்சன்கூடு பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் நேரே வந்து ஒரு கையை நீட்டினாள். விரலெல்லாம் மஞ்சள் கறை.

"நகம் வெட்டியிருக்கறனுங் சார். ஆடலாமுங்களா?"

பஸ் கிளம்பப்போகிறது என்றேன். அவள் சிரிப்பு நின்றது.

"அவரு பையிலதானுங்களே சார் இருந்துச்சு. அத மட்டும் சேத்துச் சொல்லியிருக்கலாமுங்க."

நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அதன்பிறகு அவள் ஊர்ப் பக்கம் நான் போகவில்லை. அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நீட்டிய கையும், ஊதுவதற்கு முன்பே தூக்கிய அந்தக் கையும்தான். அவள் தன் தப்புக்குத் தூக்கினாள். நான் என் தப்புக்குத் தூக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். ஷாரதா கல்லூரிக்குப் போய், அங்கே மாட்டியிருக்கும் அந்த ஆண்டு அணியின் படத்துக்குக் கீழே விட்டுப்போன மாதேவியின் பெயரை எழுதவைக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை, அந்தப் பக்கத்துப் பெண்களைப் பற்றிச் சொன்னதை, யாரிடமெல்லாம் சொன்னாரோ அவர்களிடமே திரும்பப் பெற வேண்டும். முருகேசன் தன் அம்மாவிடம், அந்த அம்மா உயிரோடு இருக்கும்போதே, தாலி யார் பையில் இருந்தது என்று சொல்ல வேண்டும். முப்பதாம் நாள் காரியத்துக்கு மார்டள்ளியில் ஊர் கூடும். அதற்குள் முருகேசன் சொல்லாவிட்டால் அங்கே எல்லோர் முன்னாலும் நான் சொல்ல வேண்டும், டீக்கடையில் சொன்ன அதே குரலில், இந்தமுறை முழுதாக. போவதற்கு முன் நான் நகம் வெட்டிக்கொள்ள வேண்டும்.