இலை மட்டும் செழித்த சோயா

வேரில் ஒன்றுமே இல்லை. ஹுன்னஸ்கிரியவில் அத்தையின் நிலத்தில் அன்று நான் பிடுங்கிய சோயாச் செடியை நினைத்தால் அதுதான் முதலில் கண்ணில் நிற்கிறது. இடுப்பளவு உயரம், கரும்பச்சை இலை. மண்ணை உதறினால் வேர் மட்டும் வழுவழுவென்று. சின்னச் சின்ன முடிச்சுகள் ஒட்டியிருக்க வேண்டிய இடம் அது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் அவற்றில்தான் குடியிருக்கும். காயும் எண்ணி நாலைந்துதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது: செடியை நாங்களே கெடுத்திருக்கிறோம்.

அத்தை அப்பாவின் தங்கை. தேயிலைக் கொழுந்து பறித்தே வளர்ந்தவர். விவசாயம் படிக்கும் என் பேச்சை நம்பி, தேயிலைச் செடிகளைப் பிடுங்கிய துண்டு நிலத்தில் சோயா போட்டார், கொழுந்து பறிக்க மலைக்குப் போவதையும் நிறுத்தினார். கொழுந்துக்காரர் கண்ணுக்கு இலை செழித்தால்தான் விளைச்சல். தேயிலைக்குப் போட்டுப் பழகிய கை சோயாவுக்கும் யூரியாவை அள்ளி வீசியது. நான் மட்டும் என்ன, அந்த இலைகளைப் படமெடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். யூரியா தாராளமாகக் கிடைக்கிற செடி முடிச்சு கட்ட மெனக்கெடாது என்று பரீட்சையில் எழுதியவள்தான்!

"ஏன் மருமகளே, இலையைத்தான் பறிச்சு ஃபெக்டரிக்கு அனுப்பணுமா?" என்று அத்தை சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "இன்னொரு போகம் பார்ப்பேன். அதுவும் காய்க்கலைன்னா பழையபடி கொழுந்துக் கூடையை முதுகில மாட்டிருவேன்."

மண்ணைக் கண்டிக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தேன். புளிப்பு அதிகம், பொஸ்பரஸ் குறைவு. அந்தப் புளிப்பு தேயிலைக்குப் பிடிக்கும், சோயாவுக்கு ஆகாது. மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் பற்றிக் கொப்பியில் படம் கீறி விளக்கியபோது அத்தை பாதியில் மறித்தார். "தேயிலையைக் கவ்வாத்து வெட்டுறதுக்கு முந்தி போடுவோமே, அந்த வெள்ளைத் தூளா? இதுக்கா இவ்வளவு படம்?"

டொலமைட் போட்டோம், பொஸ்பரஸ் உரம் இட்டோம், விதையை நுண்ணுயிர்க் கலவையில் புரட்டி விதைத்தோம். யூரியா மூட்டையைத் தூக்கிப்போட மனமில்லாமல் அத்தை கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தார்.

இன்று காலை போனேன். பூத்திருக்கிறது, ஆனால் செடி போன தடவையைவிடக் குட்டை. அத்தையின் முகம் சுருங்கியிருந்தது. ஒன்றைத் தோண்டி எடுத்து மண்ணை உதறினேன். வேர் நிறைய மிளகளவு முடிச்சுகள். ஒன்றைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. வேலை நடக்கிறது என்று அர்த்தம். அத்தை அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "சரி, பிடுங்கினது போதும். மத்தது காய்க்கட்டும்."

எவ்வளவு காய்க்கும், தெரியாது. கூடை இன்னும் வாசல் ஆணியில்தான் தொங்குகிறது. ஆனால் நான் புறப்படும்போது, அடுத்த போகத்துக்கென்று மேல் சரிவு மண்ணையும் பரிசோதிக்கச் சொல்லிப் பையில் கட்டித் தந்தார். கண்டி பஸ்ஸில் இப்போது அது என் மடியில் இருக்கிறது.