யார் அளவுக்கு அந்த சீட்?

டெய்லரம்மாவுக்குச் சந்தேகம் தொழிலோடு வந்தது. துணிக்கடைக்காரன் "சுருங்கவே சுருங்காது" என்று சத்தியம் செய்தால், அன்றைக்கே அந்தத் துணியை வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிடுவாள். "போன தடவை அளவையே வச்சுக்கோங்க, நான் அப்படியேதான் இருக்கேன்" என்று சொல்கிற வாடிக்கையாளரை அவள் ஒருநாளும் நம்பியது கிடையாது. ஆள் படியேறி வருவதற்குள் தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு, எங்கே கூடியிருக்கிறது என்று கண்ணாலேயே கணக்குப் போட்டுவிடுவாள். அப்புறம் டேப் வைத்துப் பார்த்தால் அரை இஞ்ச் பிசகாது. வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், உடம்பு பொய் சொல்லாது என்பது அவள் கட்சி.

முன் அறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின். எதிர்ச் சுவரில் வரிசையாக ஆணி, ஆணிக்கு ஆணி வாடிக்கையாளர்களின் அளவுக்கு வெட்டின அட்டைகள். கடைசி ஆணியில் அவளுடைய அட்டை. கல்யாணமான வருஷம் வெட்டியது. தனக்குத் தைக்கும்போது அதை வைத்துக் கோடு போட்டுவிட்டு, இங்கே ஒரு விரல், அங்கே ரெண்டு விரல் என்று கைவாக்கில் விட்டு வெட்டிக்கொள்வாள். வருஷம் போகப் போக விரல் கூடிக்கொண்டே வந்தது, அட்டை மாறவில்லை. ஊருக்கெல்லாம் டேப் போடுகிறவள் தன்மேல் டேப் போட்டு எத்தனையோ காலமாயிற்று. கொஞ்ச மாசத்துக்கு முன்னால் அந்த அட்டையே காணாமல் போனது. எலி கொண்டுபோயிருக்கும் என்று தேடாமலே விட்டுவிட்டாள்.

புருஷன் பஸ் டிப்போவில் டிங்கர். இடிபட்டு வரும் பஸ் தகடுகளைத் தட்டி நேராக்குகிற வேலை. பேச்சு குறைச்சல், சுத்தியல் சத்தம்தான் அதிகம். ஊரார் நசுக்கிக் கொண்டுவருவதையெல்லாம் வாரம் முழுக்கத் தட்டிவிட்டு, லீவு நாளில் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஷெட்டில் தனக்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டிக்கொண்டிருந்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கட்டினார். சதுர இரும்புக் குழாயை அறுத்து வெல்டிங் வைத்து எலும்புக்கூடு செய்தார். எங்கேயோ மோதி அப்பளமான காரிலிருந்து இஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றிக்கொண்டு வந்தார். மோல்டு செய்து, ஃபைபர் துணியையும் ரெசின் பசையையும் மாற்றி மாற்றிப் பூசி உடம்பை வார்த்தெடுத்தார். மகள் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனபோது ஆரம்பித்த வேலை. அவள் இப்போது கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறாள், கார் இன்னும் ஷெட்டில் இருக்கிறது. "எப்ப வெளியில வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்த அக்கம்பக்கமும் அலுத்துப்போய்க் கேட்பதை விட்டுவிட்டது. டெய்லரம்மாவுக்கு அந்தக் காரின்மேல் ஆசையும் இல்லை, ஆத்திரமும் இல்லை. வேறு வீட்டு ஆம்பிளைகள் எங்கெங்கோ போகிறார்கள், இவர் கூப்பிடு தூரத்தில்தானே இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தாள்.

அந்த நிம்மதியில் முதல் கீறல் விழுந்தது பார்வையால். சில மாசமாக அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. காதைப் பார்த்தார், இல்லாவிட்டால் காதுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். நான் இங்கே இருக்கிறேன், அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டே விட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லித் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தப்புப் பண்ணினவன்தான் முகம் பார்க்க மாட்டான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அடுத்தது ஸ்கூட்டர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டரை மூலையில் நிறுத்திவிட்டு டிப்போவுக்கு நடந்து போக ஆரம்பித்தார். கேட்டால் நடப்பது உடம்புக்கு நல்லதாம். இந்த வயசில் ஒரு ஆம்பிளைக்குத் திடீரென்று உடம்பைப் பற்றி ஞானோதயம் வருகிறதென்றால் அது எதற்காக, யாருக்காக? யார் காதில் பூ சுற்றுகிறார்?

போதாக்குறைக்கு ஷெட்டுக்குள் நடந்த கூத்தை ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காரின் உடம்பை மெதுவாக, விரல் விரலாகத் தடவிக்கொண்டிருந்தார். என் கையை என்றைக்காவது இப்படித் தடவியிருப்பாரா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. போயும் போயும் ஒரு ஃபைபர் உடம்பைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

எரிகிறதில் எண்ணெய் ஊற்றியது அவள் தங்கை. ரெண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறவள், ஊர் சங்கதி ஒன்று விடாமல் போனில் கொண்டுவந்து கொட்டுகிறவள். அன்றைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, சொன்னா கோச்சுக்கக் கூடாது. மாமாவை டிப்போ முன்னால பார்த்தேன். ரோட்டைக் கிராஸ் பண்ணாரு. ஒரு பொம்பள கையைப் பிடிச்சுக்கிட்டு."

விசாரித்ததில் அது டிப்போவின் டைம் கீப்பர் என்று தெரிந்தது. எந்த பஸ் எப்போது கிளம்புகிறது என்று குறித்துவைக்கிற பெண். ஒல்லியாக, நெட்டையாக, சிரித்த முகம். டெய்லரம்மாவின் வாடிக்கையாளர் வேறு. அளவு கொடுக்க வரும்போதெல்லாம் அக்கா அக்கா என்று உருகுவாள். டெய்லரம்மா அவசரப்பட்டுக் கத்தவில்லை. கையும் களவுமாகப் பிடிக்காமல் வாயைத் திறக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தாள். காரில் புதிதாக ரெண்டு சீட் உட்கார்ந்திருந்தது. சீட்டைப் பற்றி அவர் சாப்பிடும்போது ஒருநாள் சொன்னது நினைவுக்கு வந்தது. தரையோடு தரையாகப் போகிற கார், சீட்டை முன்னே பின்னே தள்ளுகிற ஏற்பாடெல்லாம் வைத்தால் உயரம் கூடித் தலை இடிக்கும். அதனால் உட்காருகிற ஆளுக்கு அளவெடுத்து சீட்டைச் செய்து, தரையோடு போல்ட் போட்டு இறுக்கிவிட வேண்டும். பெடலையும் அந்த ஆளின் காலுக்கே வைக்க வேண்டும். "நீ சட்டை தைக்கிற மாதிரிதான்" என்றார். அன்றைக்கு அதைக் கேட்க அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஸ்டீயரிங் இல்லாத சீட் அகலமாக, நீளமாக இருந்தது. டேப் போடாமலே சொல்லிவிடலாம், அது வாசல் நிலையில் குனிந்து நுழைகிற அவள் புருஷனின் அளவு. ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருந்த சீட்தான் சின்னதாக, ஒடுங்கலாக இருந்தது. பெடலும் கிட்டத்தில் வந்திருந்தது. ஓட்டப் போகிறது ஒரு பொம்பள! இவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போவாராக்கும். ஒருவேளை நமக்கோ என்று ஒரு நிமிஷம் நப்பாசை வந்தது. சேலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கிப் பார்த்தாள். பாதியிலேயே மாட்டிக்கொண்டாள். ரெண்டு பக்க விளிம்பும் இடுப்பைக் கவ்விக்கொண்டன. ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தம் கட்டி வெளியே வருவதற்குள் கண்ணில் நீர் முட்டிவிட்டது. வலியால் இல்லை.

சீட்டின் உள் அகலம், முதுகு உயரம், பெடல் வரை காலின் நீளம் எல்லாவற்றையும் அளந்து மனசில் வாங்கிக்கொண்டு முன் அறைக்கு வந்தாள். டைம் கீப்பரின் சட்டை அட்டையையும் பேண்ட் அட்டையையும் ஆணியிலிருந்து கழற்றினாள். இடுப்பு அச்சாகப் பொருந்தியது. முதுகு அரை இஞ்ச் இடித்தது, கால் அதைவிட அதிகமாக இடித்தது. ஒரு காலரில் நூல் அளவு பிசகினால் பிரித்துப் போட்டுத் திரும்பத் தைக்கிறவள், அன்றைக்கு அந்த வித்தியாசத்தை ஓரமாகத் தள்ளிவிட்டாள். ஃபோம் அமுங்கும், எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே ஒத்து ஊதிக்கொண்டாள். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கை ஒரு டேப் முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்திக்கு இடம் விட்டு நாம் வெளியே நிற்கப்போகிறோமா என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை, சாப்பிடவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டைம் கீப்பரைக் கூப்பிட்டனுப்பினாள். சட்டை பாதி தைத்திருக்கிறேன், போட்டுப் பார்த்துவிட்டுப் போ என்று சாக்கு. அவள் வந்ததும் நல்ல வார்த்தையாகப் பேசி, எங்க வீட்டுக் காரைப் பார்த்ததில்லையே என்று ஷெட்டுக்கு அழைத்துப் போனாள். டிங்கர் ஸ்பேனரும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். குரலைக் கேட்டு நிமிர்ந்தவர், வழக்கம்போல யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்தாயா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே டெய்லரம்மா ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருந்த சீட்டைக் காட்டினாள். உட்கார்ந்து பார், உனக்குச் சரியாக இருக்கும் என்றாள். அந்தப் பெண் கூச்சத்தோடு காலைத் தூக்கி உள்ளே வைத்து இறங்கினாள். இடுப்பு உள்ளே போனது. கால் போகவில்லை. முட்டி ரெண்டும் ஸ்டீயரிங்கில் போய் முட்டிக்கொண்டு நின்றன.

"இது எனக்கு ஆகாதுக்கா. உங்களுக்குன்னு பண்ணதுதானே?"

"எனக்கா? அதுல நான் பாதிகூட இறங்கல. இது யாரு அளவுன்னு உனக்குத் தெரியாதா? கையைப் பிடிச்சு ரோடு கிராஸ் பண்ண மட்டும் தெரியுதோ?"

 அந்தப் பெண் கோபப்படுவாள், அழுவாள், மழுப்புவாள் என்று டெய்லரம்மா எதிர்பார்த்தாள். அவளோ மெதுவாக வெளியே வந்து, டிங்கரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, இன்னும் வீட்ல சொல்லலையா?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.  டைம் கீப்பர், அக்கா நான் இன்னொரு நாள் வர்றேன் என்று சொல்லிவிட்டு, சட்டையைப் போட்டுப் பார்க்காமலே கிளம்பிப் போய்விட்டாள்.

டெய்லரம்மா நின்ற இடத்திலேயே நின்றாள்.  டிங்கர் கருவிப் பெட்டியை இழுத்து, உள்ளே கையை விட்டுத் துழாவி, அடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. மேலே அவளுடைய கையெழுத்து. எலி கொண்டுபோனதாக அவள் நினைத்த, கடைசி ஆணியின் அட்டை. உனக்கு எப்போதும் இதை வைத்துத்தானே வெட்டுகிறாய், இதைத்தான் விளிம்பு விளிம்பாகத் தடவி அளவெடுத்து சீட்டைச் செய்தேன் என்றார். காலுக்கு மட்டும் அவளுடைய செருப்பையும் பழைய பாவாடையையும் எடுத்து வைத்துப் பார்த்தாராம்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, ரெண்டையும் முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"கல்யாணமான வருஷத்து அட்டைங்க இது. நான் இப்ப இப்படியா இருக்கேன்? கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியல," என்றார் டிங்கர்.

ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மீதியையும் சொன்னார். ரெண்டு கண்ணிலும் நடுவில் கிரீஸ் அப்பின மாதிரி ஒரு கறை. எதை நேராகப் பார்க்கிறாரோ அது அந்தக் கறைக்குள் போய்விடுகிறது. ஓரத்தில் இருப்பது மட்டும் தெரிகிறது. கண் ஆஸ்பத்திரியில், போனது போனதுதான், ஓரப் பார்வை மட்டும் நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள். தகடு வேலை கண்ணை நம்பிய வேலை இல்லை, பள்ளம் மேடு எல்லாம் உள்ளங்கைக்குத் தெரியும், அதனால் டிப்போவில் இன்னும் பிழைப்பு ஓடுகிறது. டைம் கீப்பர் மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மேஜையில் போட்டாராம். அன்றையிலிருந்து ரோடு தாண்டும்போது கூட வருகிறாள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லியிருந்தால் ஷெட்டைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்திருப்பாய், இரும்பு அறுக்கிற கிரைண்டரைத் தொடவிட்டிருக்க மாட்டாய், வண்டி முடியட்டும் என்று பார்த்தேன் என்றார். அது உண்மைதான், அவள் அப்படித்தான் செய்திருப்பாள். ஆனாலும் எவளோ ஒருத்திக்கு ஒரே நாளில் தெரிந்தது, கூடவே குடித்தனம் நடத்துகிற தனக்குத் தெரியவில்லையே என்பது நெஞ்சைப் போட்டு அறுத்தது. ஆள் படியேறுவதற்குள் அளந்துவிடுகிற கண் இது! ஸ்கூட்டரைப் பார்த்தது, தடவுகிற கையைப் பார்த்தது, அத்தனையையும் பார்த்துவிட்டு வேறொருத்தியைத் தேடிக்கொண்டு அலைந்தது.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே," என்றாள். 

"மிஷினை மிதிக்கிற கால்தானே. கத்துக்குவே. சீட்டைத்தான் திரும்பப் பண்ணணும்."

அவள் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றிப் போட்டாள். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக. வந்த அளவை ஒளிக்காமல் உரக்கச் சொன்னாள். அவர் அதை முணுமுணுத்து மனசில் வாங்கிக்கொண்டார், கேலியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. டேப்பை எடுத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, அவர் பார்வை மறுபடியும் அவள் காதுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. இத்தனை மாசம் தப்பிதமாக நினைத்த பார்வை. இனிமேல் நாம்தான் அனுசரித்துப் போக வேண்டும் என்று நினைத்து, அவர் பார்க்கிற இடத்துக்கே தன் முகத்தை நகர்த்தினாள்.

"நகராதே," என்றார் அவர், பதறிப்போய். "இப்ப நீ மறைஞ்சிட்டே. முன்ன இருந்த இடத்துலயே இரு."

அவள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து, அசையாமல் நின்றாள். அவர் அவள் காதோரச் சுவரைப் பார்த்தபடியே வெகுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.