நடை அருமை

பின்னூட்டம் என்ற வார்த்தையை யாராவது பெருமையாகச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. எரிந்துவிட்டுப் போகட்டும், எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு வடமாலபேட்டையில், திருப்பதி–சென்னை ரோட்டை ஒட்டி இருக்கிறது. எனக்கு வேலை திருப்பதியில், ஒரு ஜவுளிக்கடை ஆபீசில். நாள் முழுக்கத் தெலுங்கில் பேசி, தெலுங்கில் பில் சரிபார்த்து, தெலுங்கிலேயே சண்டையும் போட்டுவிட்டு பஸ் ஏறுகிறவளுக்குத் தமிழில் நாலு வரி எழுத ஓர் இடம் வேண்டியிருந்தது. வலைப்பூ ஆரம்பித்தேன். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் யாரோ புண்ணியவான் என்னை ஒரு பதிவர் குழுவில் சேர்த்துவிட்டார்.

வாட்ஸப் குழுதான். சட்டம் சுலபம். உன் பதிவின் லிங்க்கைக் குழுவில் போட்டால் மற்றவர்கள் உன் வலைப்பூவுக்கு வந்து பின்னூட்டம் போடுவார்கள். பதிலுக்கு நீயும் அவர்கள் ஒவ்வொருவர் பக்கத்துக்கும் போய்ப் போட வேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மொய். "நேற்று உங்களுக்கு மொய் வைத்தேனே, திருப்பிச் செய்யவில்லையே?" என்று கூசாமல் கேட்பார்கள். கல்யாணத்துக்கு மொய் வைக்கிறவன் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டாவது போவான். இவர்கள் வாசலிலேயே கவரை வீசிவிட்டு அடுத்த மண்டபத்துக்கு ஓடுகிறவர்கள். தலைப்பைப் பார்ப்பார்கள், படத்தைப் பார்ப்பார்கள், 'அருமை' போடுவார்கள், முடிந்தது. குழுவில் லிங்க் தவிர வேறெதுவும் போடக் கூடாது என்று இன்னொரு சட்டமும் இருந்தது. காலை வணக்கம் கூடாது, சாவுச் செய்தியும் கூடாது. குழுவை நடத்துகிறவர் அதில் ரொம்பக் கண்டிப்பு.

நான் திருப்பதி பக்கத்துக்காரி என்று தெரிந்ததும் எனக்குத் தனி மவுசு வந்தது. தரிசன டிக்கெட் கிடைக்குமா, லட்டு வாங்கி அனுப்ப முடியுமா, தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று தனியாகச் செய்தி வரும். அதில் முதல் ஆள், பயணக்கட்டுரை எழுதும் ஒரு சென்னைக்காரர். என் பதிவு வந்த அடுத்த நிமிடம் 'அருமை' என்று வந்து நிற்பார். அடுத்த வாரமே ரூம் கேட்பார். என் வீட்டுக்காரர் ஒருமுறை வேலைக்கு லீவு போட்டு அலைந்து அவர் குடும்பத்துக்கு ரூம் எடுத்துக் கொடுத்தார்.

"ஒரு அருமைக்கு ஒரு ரூமா? யாவாரம் நல்லா கீது" என்று அப்போதே சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. எழுத்தை மதிக்கிற மனுஷன், அப்படிப் பேசாதே என்று அந்த ஆளுக்காக வாதாடினேன்.

நைனா, என் அப்பா, அப்போது எங்களோடுதான் இருந்தார். கார்வேட்டிநகரம் பக்கத்தில் இருந்த நிலத்தை விற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அவருக்கு அது நினைவில்லை. அம்மா செத்ததும் நினைவில்லை. திடீரென்று எழுந்து, "கெணத்துல மோட்டார் ஓடிக்கினே கீது, அமுத்திட்டு வந்துட்றேன்" என்று கிளம்புவார். கையைப் பிடித்து உட்கார வைப்போம். ஒரு சித்திரை மாதத்துப் பகலில், நான் ஆபீசில் இருந்தபோது, வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். செருப்பு வாசலிலேயே கிடந்தது.

புத்தூர் பஸ் ஸ்டாண்டைத்தான் முதலில் பார்த்தோம். கார்வேட்டிநகரம் போக அங்கேதான் பஸ் மாற வேண்டும். அவர் இல்லை. பஸ் ஏறாமல் வெயிலில் நடந்தே வந்துகொண்டிருந்தார் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். எந்தப் பஸ்ஸிலாவது ஏறித் தூங்கிக் கடைசி ஸ்டாப்பில் இறங்கியிருப்பார் என்று வீட்டுக்காரர் பைக்கில் சித்தூருக்குப் போனார். நான் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பிளாட்பாரமாகத் தேடினேன். எங்கள் ரோட்டில் போகிற பஸ்ஸில் பாதி சென்னை பஸ். அதில் ஏறியிருந்தால்? சென்னையிலும் திருவள்ளூரிலும் எனக்கு யாரைத் தெரியும்? அந்தக் குழுவைத்தான் தெரியும். போதாததற்கு அந்தச் சென்னைக்காரர் அன்றைக்குக் காரில் திருப்பதி வருவதாகக் காலையிலேயே தன் பக்கத்தில் அறிவித்திருந்தார். எங்கள் ரோட்டில்தான் வந்தாக வேண்டும். நைனா அவர் கண்ணில் பட மாட்டாரா என்று ஒரு நப்பாசை.

லிங்க் தவிர எதுவும் போடக் கூடாதே! அதனால் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து போனிலேயே ஒரு பதிவு எழுதினேன். தலைப்பு, 'நைனா நடந்து போய்விட்டார்'. அவர் படம், கட்டம் போட்ட சட்டை, காலில் செருப்பில்லை, ஞாபக மறதி, பார்த்தால் தயவு செய்து பிடித்து உட்கார வையுங்கள், என் நம்பர். எல்லாம் எழுதி லிங்க்கைக் குழுவில் போட்டேன்.

வந்தார்கள். ஒருவர் விடாமல் வந்தார்கள்.

"தந்தையின் நினைவுகள் என்றும் நெகிழ்ச்சி. தொடருங்கள்."

"நைனா! என்ன அழகான வட்டார வழக்கு. வாழ்த்துகள் சகோ."

"படம் பிரமாதம். நேரமிருந்தால் நம்ம பக்கமும் வந்து போங்க."

சென்னைக்காரர் எழுதியிருந்தார்: "நடை அருமை."

நடை அருமையாம்! எழுத்து நடையைச் சொல்கிறார். தார் ரோட்டில் வெறுங்காலோடு ஒரு கிழவர் நடந்து போய்விட்டார் என்று கதறி எழுதினால், நடை அருமை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்தப் போனைத் தூக்கி பஸ் சக்கரத்தில் போட்டால் என்ன என்றும் வந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் சித்தூரிலிருந்து கூப்பிட்டார்.

"இங்க இல்லமே. உன் ஆளுங்க எவனாச்சும் போன் பண்ணானா?"

"இல்ல. எழுதிக்கினு கீறாங்க."

"இன்னான்னு?"

போனை வைத்துவிட்டு அடுத்த பிளாட்பாரத்துக்கு நடந்தேன்.

மறுநாள் காலை சென்னைக்காரரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. 'திருப்பதிப் பயணம், பகுதி ஒன்று' என்று ஒரு லிங்க். கீழே, "மேடம், எல்லோரும் வந்துவிட்டார்கள். நீங்கள்தான் இன்னும் வரவில்லை." வாய்க்கு வந்தபடி திட்டி எழுதலாம் என்றுதான் திறந்தேன். சுடச்சுட இட்லி ஒரு படம். மலை ஒரு படம். இரண்டுக்கும் நடுவில் என் நைனா. ஒரு பஸ் ஷெட்டின் தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார். அதே கட்டம் போட்ட சட்டை. படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: "வழியில் கண்ட முகம். இந்தச் சுருக்கங்களுக்குள் எத்தனை கதைகளோ!"

அடப்பாவி, அந்தக் கதையைத்தானே முந்தின நாள் எழுதினேன்! போன் போட்டேன்.

"மேடம்! படிச்சிட்டீங்களா?"

"அந்தப் பெரியவர எங்க பாத்தீங்க?"

"அதுவா, அந்தப் படம் எல்லாருக்கும் புடிச்சிருக்கு. புத்தூர்ல டீக்கு நிறுத்தினோம், அங்க. நேத்து சாயங்காலம்."

"அவர் என் நைனா. நேத்துதான எழுதினேன், காணோம்னு? நீங்க வந்து கமெண்ட் போட்டீங்களே!"

"அச்சச்சோ. மேடம், இத அப்படியே என் பதிவுல கமெண்ட்டா போடுங்களேன். நாலு பேர் பாத்தா உங்களுக்கும் உதவி" என்றார்.

வைத்துவிட்டுப் புத்தூருக்கு ஓடினோம். நைனா அதே ஷெட்டின் பின்பக்கம், சுருண்டு படுத்திருந்தார். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. உள்ளங்கால் இரண்டும் கொப்பளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்து, "துன்னியாம்மா?" என்று என் சாப்பாட்டை விசாரித்தார். நடு ரோட்டில் நின்று ஓவென்று அழுதேன். அதன் பிறகு அவர் சரியாக நடக்கவே இல்லை.

பகுதி இரண்டு அந்த வாரமே வந்தது. ஒரு பயணக்கட்டுரை ஒரு மகளிடம் அவள் தந்தையைச் சேர்த்த கதை. பெரியவரின் முகத்தில் ஏதோ ஒன்று தன்னை நிறுத்தியதாம், அருகில் அமர்ந்து ஆறுதலாகப் பேசினாராம். பின்னூட்டம் குவிந்தது. மனிதம் வாழ்கிறது என்று ஆளாளுக்கு மொய் வைத்தார்கள். குழுவை நடத்துகிறவர் தன் சட்டத்தைத் தானே மீறி குழுவிலேயே எனக்குச் செய்தி போட்டார்: "சகோதரி, ஒரு நன்றி போட்டுவிடுங்கள். அவருக்கு ஓர் ஊக்கம்."

பேசினாரா, என்ன பேசினார்? பதிவில் இருந்த அந்த ஆளின் படத்தை நைனாவிடம் காட்டினேன். அம்மா பெயரையே மறந்த மனுஷன் அந்த முகத்தை மறக்கவில்லை.

"இவன்ட்ட தண்ணி கேட்டம்மா. இப்டி பாருன்னான். பாத்தேன். நல்லா நிமுந்து உக்காருன்னான். உக்காந்தேன். போய்ட்டான்."

அதை அப்படியே, ஒரு எழுத்துக் கூட்டாமல், அந்தப் பதிவின் கீழே எழுதினேன். உங்கள் கருத்து பதிவரின் ஒப்புதலுக்குப் பின் வெளியாகும் என்று வந்தது. வெளியாகவே இல்லை. நன்றி தெரியாதவள் என்று குழுவில் பேச்சு நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அதற்குள் நான் வெளியே வந்துவிட்டிருந்தேன்.

நைனா இப்போது கட்டிலோடு சரி. யாரிடமாவது பேசலாம் என்று நான் போனைக் கையில் எடுத்தால் போதும், அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறார். முதுகை நிமிர்த்தி, என் பக்கம் முகத்தைத் திருப்பி, அசையாமல் உட்காருகிறார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்கிறார்.

"இப்ப தண்ணி குடுக்கறியா?"